ஒன்று போட்டால் வண்டி ஏறும்

விடிந்தும் விடியாத நேரத்தில் சுக்குக் குடோனின் பெரிய கதவைத் திறந்தால், வெளிச்சம் உள்ளே போவதற்கு முன்னால் தூசி வெளியே வரும். மூக்கில் ஏறினால் மிளகாய், கண்ணில் விழுந்தால் சுண்ணாம்பு, தொண்டைக்குள் இறங்கினால் கஷாயம். சுக்கு உடம்புக்கு நல்லது என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். சொல்பவர்கள் யாரும் அதை மூட்டைக் கணக்கில் சுவாசித்தவர்கள் அல்ல.

அங்கம்மாள்தான் கதவைத் திறப்பாள். அவள் பின்னால் முப்பது பெண்களுக்கு மேல் வரிசையாக உள்ளே வந்து உட்காருவார்கள். பாதிப்பேர் சங்கரன்கோவில், தென்காசிப் பக்கமிருந்து பிழைக்க வந்து மட்டாஞ்சேரியிலேயே தங்கிவிட்டவர்கள். மீதிப்பேர் கொச்சங்காடியிலும் சுள்ளிக்கல்லிலும் பிறந்து வளர்ந்தவர்கள். தலையில் துண்டு, மூக்குக்கு முந்தானை, முன்னால் இடுப்பளவு குவியல். இடது கை உருட்டும், வலது கை பொறுக்கும். பூச்சி அரித்தது ஒரு பக்கம், ஒடிந்தது ஒரு பக்கம், விரல் விரலாக நீண்ட நல்ல சுக்கு மடிப்பக்கம். வெளிச்சம் போதாத அந்த நேரத்தில் கண்ணைவிடக் கட்டைவிரல்தான் நன்றாகப் பார்க்கும். உருட்டி உருட்டிப் பாண்டிச்செல்வியின் விரல்களில் ரேகையே தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மெஷினில் அவள் விரலை வைத்தால் அப்படி ஓர் ஆளே இல்லை என்று அது சாதிக்கும்.

பொறுக்கி முடித்த சுக்கு மூட்டையாகும். அங்கம்மாள் தூரிகையை நீல மையில் தோய்த்து மூட்டையின் வயிற்றில் ஓர் எண்ணைப் போடுவாள். அது தரத்தைச் சொல்லும் எண் அல்ல, லாரி ஏறும் முறை. ஒன்று போட்டது முதலில் வெளியே போகும். இரண்டு அதற்குப் பின்னால். ஐந்தும் ஆறும் இன்னும் கொஞ்ச நாள் உள்ளேயே கிடக்க வேண்டியவை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆறு வருஷமாகப் பார்க்கிறேன். தெரிந்த விஷயம் தேவைப்படும் நேரத்தில் ஞாபகத்துக்கு வராமல் இருப்பதற்குப் பெயர்தான் படிப்பு என்பது மட்டும் அப்போது தெரியாது.

என் பெயர் வெங்கிடேஸ்வரன். பி.காம். வங்கி வேலைக்குப் பரீட்சை எழுத எர்ணாகுளம் வந்தவன், பரீட்சையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் தேறி, இந்தக் குடோனில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே காரணத்துக்காக என்னைத் தும்மலிலிருந்து ஒரு மாடி உயரத்தில் வைத்திருந்தார்கள். என் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அதற்குக் கீழே மடித்த அட்டை.

முதலாளி பிஜு சார், அவருடைய அப்பாவிடமிருந்து குடோனையும், பெண்களிடமிருந்து தமிழையும் பெற்றுக்கொண்டவர். சென்ற ஆவணி மாதம் எர்ணாகுளத்தில் ஒரு பெரிய ஓட்டலில் நிர்வாக வகுப்புக்குப் போய்விட்டு வந்தார். வந்தவர் முகத்தில் ஞானம் வழிந்தது.

“வெங்கிடி, இனி நாம தொழிலாளிகளோட சோதிச்சிட்டுதான் எந்தும் செய்யும்.”

சோதிப்பது என்றால் மலையாளத்தில் கேட்பது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் எதைப் பற்றிக் கேட்கப் போகிறோம் என்று சொன்னார். களமசேரியில் புதுக் கட்டிடம் தயார். இயந்திரம், குளிர் அறை எல்லாம் அங்கே. இந்தப் பழைய கட்டிடம் ஓட்டலாகப் போகிறது. வெளிநாட்டுக்காரர்கள் சுண்ணாம்பு உதிர்ந்த சுவரைப் பார்த்தபடி காப்பி குடிப்பார்களாம். சுவர் அப்படியே இருக்க வேண்டும், பெண்கள் மட்டும் போக வேண்டும்.

“களமசேரியில் நீ எச்.ஆர். எக்ஸிக்யூட்டிவ். கறங்குற சேர் உண்டு.”

சுற்றுகிற நாற்காலி. நான்கு கால்களும் சமமாக இருக்கும் நாற்காலியிலேயே உட்கார்ந்திராத மனிதனிடம் இப்படியெல்லாம் சொல்லக் கூடாது. அன்று இரவு கனவில் நான் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

கேள்வித்தாளை அவர் ஆங்கிலத்தில் கொடுத்தார், நான் தமிழிலும் மலையாளத்திலும் ஆக்கினேன். ‘புதிய பணியிடத்தில் தங்களுக்கு வேண்டிய வசதிகளை முன்னுரிமை அடிப்படையில் எண்ணிடுக.’ எனக்கே இரண்டாம் முறை வாசித்தபோதுதான் புரிந்தது. கீழே ஆறு வசதிகள்: கம்பெனி பஸ், சீருடை, கேன்டீன், ஒன்பது மணி ஷிஃப்ட், குளிர்ந்த குடிநீர், குழந்தைகள் காப்பகம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம்.

மதியச் சாயாவுக்குப் பெண்கள் எழுந்த நேரத்தில் தாள்களைக் கொடுத்தேன். பாண்டிச்செல்வி வாசித்துக் காட்டினாள். மேலே இருந்த வாக்கியத்தில் தடுக்கி, அதைத் தாண்டிக் குதித்து, நேராகப் பஸ்ஸில் இறங்கினாள்.

“எல்லாத்துக்கும் நம்பர் போடணுமா தம்பி?” என்றாள் அங்கம்மாள்.

“ஆமாக்கா. ஒண்ணுலேர்ந்து ஆறு வரைக்கும்.”

“அம்புட்டுதானா?”

“அவ்வளவேதான்.”

“இத முதல்லயே சொல்லக் கூடாதா? நம்பர் போடுறதுதானடீ, வாங்க!”

எனக்கு அவர்களை நினைத்துப் பெருமையாக இருந்தது. நான் பயந்ததைவிட வேகமாகப் போட்டு முடித்தார்கள். கூடிக் கூடிப் பேசினார்கள், சிரித்தார்கள், ஒருத்தி இன்னொருத்தியின் தாளை எட்டிப் பார்த்தாள். பரீட்சையில் செய்யக் கூடாத எல்லாவற்றையும் செய்தார்கள். ஷபானா மட்டும் தனியாக ஜன்னலோரம் போய் எழுதினாள்.

மாடியில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தேன். முதல் இடத்துக்கு ஆறு மதிப்பெண், இரண்டாவதுக்கு ஐந்து, கடைசிக்கு ஒன்று. கூட்டி, வகுத்து, நீளம் நீளமாய் நிறப் பட்டைகள் வரைந்தேன். கம்பெனி பஸ் கூரையை முட்டியது. அடுத்தது சீருடை. கடைசியில் கட்டெறும்பு உயரத்துக்கு ஒரு பட்டை, குழந்தைகள் காப்பகம். பாண்டிச்செல்விக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். ஒன்று இன்னும் பால் குடிக்கிறது. அவளும் காப்பகத்துக்கு ஆறு போட்டிருந்தாள். ஒரு நிமிஷம் பேனாவைக் கடித்தேன். பிறகு, மனிதர்களின் மனது ஆழமானது என்று எழுதாத குறையாக அடுத்த தாளுக்குப் போனேன்.

ஷபானாவின் தாளில் எண்ணே இல்லை. ஆறு கட்டங்களுக்கும் குறுக்கே மலையாளத்தில் ஒரு வரி: ‘எங்களுக்கு இந்த இடம் போதும்.’ அப்படிப்பட்ட பதிலைப் போட என் அட்டவணையில் இடமில்லை. ‘செல்லாதது: ஒன்று’ என்று குறித்துக்கொண்டேன்.

மறுநாள் குடோனுக்குள் ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, அதன் மேல் என் பட்டைகளைப் பெரிதாகக் காட்டினார் பிஜு சார். பெண்கள் குவியல்களுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே பார்த்தார்கள். மூட்டை தூக்கும் இசக்கிதுரை நீலச் சட்டையோடு தூணில் சாய்ந்து நின்றான்.

“நோக்கிக்கோங்க. எல்லாரும் ஒரே போல சொல்லியிருக்கு. பஸ் வேணும்! நம்பர் ஒன். ஞான் தரும். ஏசி பஸ்.” அவருக்குக் குரல் தழுதழுத்தது. நடிப்பு இல்லை, நிஜமாகவே தழுதழுத்தது. “அப்புறம் யூனிஃபார்ம். தரும். பிள்ளைகளை நோக்கற எடம் ஆருக்கும் வேண்டா. அதுகொண்டு அதை விட்டாச்சு.”

பாண்டிச்செல்வி எழுந்தாள். “சார், அத யாரு வேண்டாம்னா?”

“நீதன்னே. ஆறு போட்டிருக்கு.”

“ஆறு போட்டா இருக்கணும்னுதான சார் அர்த்தம்!”

பிஜு சார் என்னைப் பார்த்தார். நான் பட்டைகளைப் பார்த்தேன். பட்டைகள் யாரையும் பார்க்கவில்லை.

அங்கம்மாள் மடியிலிருந்த சுக்கைத் தட்டிவிட்டு எழுந்தாள். “சார், நீங்க பொறக்குறதுக்கு முன்னாடி இல்லன்னாலும், நீங்க கால்சட்டை போட்டுத் திரிஞ்ச காலத்துலேர்ந்து இங்க நம்பர் போடுறவ நான். ஒண்ணு போட்டா மொதல்ல வண்டி ஏறும். பஸ்ஸுக்கு ஒண்ணு போட்டோம், மொதல்ல அது போயித் தொலையட்டும்னு. அப்புறம் அந்தச் சட்டை. அப்புறம் கேன்டீனு, ஷிஃப்டு. பிள்ளைங்க எடம், தண்ணி, இது ரெண்டும் கடைசி வரைக்கும் இங்ஙன கெடக்கட்டும்னு அஞ்சும் ஆறும் போட்டோம். இதுல என்ன வெளங்கல உங்களுக்கு?”

முதலில் இசக்கிதுரைதான் சிரித்தான். பிறகு குடோனே சிரித்தது. நானும் சிரித்தேன், சிரிக்கப்படுவது நான்தான் என்று தெரிவதற்குள்.

பிஜு சார் சிரிக்கவில்லை. “தலைகீழா எழுதியது நிங்களோட தப்பு. போகட்டும். வெங்கிடி, மறிச்சு இடு.”

ஒரே ஒரு சொடுக்கு. பட்டைகள் புரண்டன. காப்பகம் கூரையை முட்டியது, பஸ் கட்டெறும்பானது.

“இப்போ செரியாயோ? களமசேரியில் பிள்ளைகளுக்கு எடம் தரும். பஸ் வேண்டா. நிங்கள் சொன்னதுதன்னே.”

சிரிப்பு நின்றது. தாளை எந்தப் பக்கம் திருப்பினாலும் களமசேரிதான் வந்தது. அதை அப்படித்தான் எழுதியிருந்தார்கள். எழுதியிருந்தார்கள் என்ன, நான்தான் இரண்டு மொழிகளில் எழுதியிருந்தேன்.

“சார், ஞான் எழுதியது எங்கே?” ஷபானா பின்வரிசையிலிருந்து கேட்டாள். கொச்சங்காடிப் பெண். தமிழ்ப் பெண்களோடு பழகி அவள் பேச்சில் இரண்டு மொழியும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு நடக்கும்.

“அது இன்வாலிட்.”

“அப்படின்னா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “செல்லாது” என்றேன்.

“எழுத்துல எழுதினது நான் ஒருத்தி மட்டும். அது செல்லாதா? இவங்க தலைகீழா எழுதினது மட்டும் ரெண்டு பக்கமும் செல்லுமா?”

“ஷபானா, வேறே ஆரும் வரமாட்டேன்னு எழுதியிட்டில்ல.”

“எழுத எடம் விட்டீங்களா சார்?” என்றாள் அங்கம்மாள்.

அவர் வெள்ளை வேட்டியை அவிழ்க்கச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

ஷபானாவின் கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவளுடைய மாமியார் படுத்த படுக்கை. மதியம் மணி அடித்ததும் ஷபானா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவாள். கிழவியைப் புரட்டிப் படுக்க வைத்து, கஞ்சி ஊட்டி, வாய் துடைத்துவிட்டு, தான் சாப்பிடாமலே திரும்பி ஓடிவருவாள். நடந்து போகிற தூரத்தில் வீடு இருப்பதால்தான் அவளுக்கு இது வேலை. பாண்டிச்செல்வியின் சின்னது அடுத்த சந்தில், பால் கட்டும்போது ஓடிப் போய்க் கொடுத்துவிட்டு வருவாள். களமசேரிக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர அதைவிட மேல், பாலத்தில் நெரிசல் என்றால் கேட்கவே வேண்டாம். ஏசி பஸ்ஸில் உட்கார்ந்து மாமியாருக்குக் கஞ்சி ஊட்ட முடியாது. இவர்கள் வர முடியாது என்று பிஜு சாருக்கும் தெரிந்திருக்கும். வராதவர்கள் தாமாக நின்றவர்கள். தாமாக நின்றவர்களுக்கு அவர் நஷ்டஈடும் தர வேண்டியதில்லை, பதிலும் சொல்ல வேண்டியதில்லை.

நான் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். வீரத்தால் இல்லை, தூக்கம் வராததால். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர், எனக்கு ஒரு சாயாகூட வாங்கிக் கொடுத்தார். பிறகு ஒரு கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார். ‘இடமாற்றத்துக்குத் தொழிலாளர்களின் ஒப்புதல் – இணைப்பு.’ இணைப்பில் என் பட்டைகள் வண்ணத்தில். அடியில், ‘தயாரித்தவர்: வெங்கிடேஸ்வரன், பி.காம்.’

“இந்த வெங்கிடேஸ்வரன் ஆரா?” என்று கேட்டார் அவர்.

“ஒரு மண்டன்” என்றேன். மலையாளத்தில் அதற்கு முட்டாள் என்று பொருள். எந்த மொழியில் சொன்னாலும் கோப்பு மாறவில்லை. தாளில் வேண்டுமென்றுதானே இருக்கிறது, வேண்டாம் என்றால் எல்லோரும் கையெழுத்திட்டு மனு கொடுங்கள், விசாரணைக்கு நாள் குறிக்கிறோம் என்றார். நாள் குறிக்க எத்தனை நாளாகும் என்று கேட்டேன். அவர் சாயாவைக் குடித்தார்.

மனுவை எழுதினோம். கையெழுத்துப் போட்டோம், ரேகை இல்லாத விரல்களையும் வைத்தோம். கொண்டுபோய்க் கொடுத்தோம். முத்திரை குத்தித் தந்தார்கள். அதற்குள் ஐப்பசி வந்துவிட்டது. சல்லடை மெஷினைக் களமசேரிக்கு ஏற்ற லாரி வரப்போகிறது என்று செய்தியும் வந்தது. சல்லடை போனால் சலிக்க முடியாது, சலிக்காமல் பொறுக்க முடியாது. அப்புறம் கதவைத் திறப்பதற்கே காரணம் இருக்காது.

மூட்டைக்காரர்களுக்குச் சங்கம் உண்டு, பெண்களுக்கு இல்லை. அங்கம்மாள் இசக்கிதுரையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏலே, நீ தூக்காதடா அந்த மெஷின.”

“எக்கா, ஏத்துக்கூலி குடுத்தா ஏத்தணும், எறக்குக்கூலி குடுத்தா எறக்கணும். மாட்டேன்னு சொன்னா வெளியிலேர்ந்து ஆள் கூட்டியாருவான். கிரேன் கூட்டியாருவான்.”

“அப்ப உனக்கு இங்க என்ன சோலி அதுக்கப்புறம்? காப்பி குடிக்க வர்ற வெள்ளக்காரனத் தூக்குவியா?”

அவன் மடியைத் தடவினான். பீடியை எடுத்தான். சுக்கருகே பீடி கூடாது என்று ஞாபகம் வந்து காதில் செருகிக்கொண்டான்.

“இந்தா நிக்கானே நம்ம பி.காம்.,” என்று என்னைக் காட்டினான், “இவனை ஒரு சாக்குல போட்டு ஒண்ணு போடுங்க. பாதி சங்கடம் தீரும்.”

லாரி வருவதற்கு முந்தின நாள், இடுக்கிப் பக்கமிருந்து புதுச் சரக்கு வந்தது. பாண்டிச்செல்வி ஒரு மூட்டையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டாள். விட்டபடியே இருந்தாள்.

“அக்கா, இது ஈரமால்ல இருக்கு.”

அங்கம்மாளும் கையை விட்டாள். ஷபானா ஒரு துண்டை ஒடித்தாள். நல்ல சுக்கு டப்பென்று ஒடியும். இது வளைந்தது.

ஈரச் சரக்குக்கு எங்கள் குடோனில் ஒரு சட்டம் உண்டு. போன வருஷம் பூஞ்சை என்று சொல்லி வாங்குபவன் விலையைக் குறைத்த பிறகு, பிஜு சாரே வாசலில் எழுதி மாட்டியது. ஈரம் கண்டால் உடனே முற்றத்தில் பரப்ப வேண்டும், காய்கிற சரக்குக்குள் செருப்புக்கால் படக்கூடாது, வண்டி நுழையக்கூடாது, காய்ந்து முடியும்வரை ஆள் காவல் இருக்க வேண்டும். மாட்டியவர் அதைப் பின்னர் ஒருநாளும் வாசித்ததாகத் தெரியவில்லை.

மூன்று பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கம்மாளின் கண் வாசல் போர்டுக்குப் போய் வந்தது. நான் அங்கேதான் நின்றேன், என்ன நடக்கிறது என்று எனக்குப் புரியவுமில்லை. அதில் புதிதாக ஒன்றுமில்லை.

மறுநாள் விடிகாலையில் குடோனுக்கு வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். முற்றம் முழுவதும் சுக்கு. தெருக்கதவின் நிலையிலிருந்து பின்கொட்டகையில் சல்லடை மெஷின் நிற்கிற படிவரை, சுவருக்குச் சுவர், கால் வைக்க இடமில்லாமல். ஈரம் உண்மையான ஈரம்தான், அதில் பொய் இல்லை. பரப்பியதில்தான் கொஞ்சம் தாராளம். ஓரத்தில் பெண்கள் சாக்கை விரித்து உட்கார்ந்து வழக்கம்போல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான்கு பேர் வெறுங்காலோடு விளிம்பில் நின்று நீளக் கம்பால் புரட்டினார்கள். இரண்டு பேருக்கு ஆடு விரட்டும் வேலை. மட்டாஞ்சேரி ஆடுகளுக்கு யார் சொன்னாலும் கேட்கிற பழக்கம் கிடையாது.

ஓரத்துச் சாக்குகளைத் தாண்டி நான் மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது, லாரி வந்து பின்பக்கத்தைக் கதவுக்கு நேராகத் திருப்பியது. ஓட்டுநர் இறங்கி வந்து பார்த்துவிட்டு, “இதெங்ஙனெ கேறும்?” என்று தலையைச் சொறிந்தான்.

பிஜு சார் மாடி வராந்தாவிலிருந்து கத்தினார். “எந்தா இது?”

“சுக்கு சார்” என்றாள் அங்கம்மாள்.

“சுக்குன்னு எனக்கறியும்! வண்டி எங்ஙனெ வரும்?”

“வண்டி நுழையப்படாதுன்னு நீங்கதான சார் எழுதி மாட்டிருக்கீங்க.”

“வாரி மாத்து!”

“ஈரத்தோட வாரினா புழுங்கிப் பூஞ்ச புடிச்சிரும் சார். சரக்கு உங்களுது. வாரச் சொன்னா வாருறோம். பூஞ்ச புடிச்சா நாங்க பொறுப்பில்லன்னு எழுதிக் குடுத்துருங்க. எழுத்துல குடுத்துருங்க. நம்பர்ல வேண்டாம்.”

அவர் இசக்கிதுரையைப் பார்த்தார். “நீங்க மெஷின் தூக்கிட்டு இதின் மேலே நடந்து வா.”

இசக்கிதுரை தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தான். முற்றத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு கூலிக்கணக்கு ஓடி முடிவது எனக்கு மாடியிலிருந்தே தெரிந்தது.

“செருப்போட போகக்கூடாதுன்னு போர்டு இருக்கு சார். வெறுங்காலோட போனா சுக்கு உருளும். மெஷின் காலுல விழுந்தா யாரு பாக்குறது?” தோளில் கிடந்த துண்டை உதறி, லாரியின் நிழலில் விரித்து உட்கார்ந்தான். “காயட்டும் சார். நாங்க இங்கனதான் இருக்கோம்.”

வேலைநிறுத்தம் என்று போலீசுக்குச் சொல்ல முடியாது, எல்லோரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நஷ்டம் என்றும் சொல்ல முடியாது, சரக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். பிஜு சார் வகுப்பில் இதற்கு ஏதாவது பாடம் நடத்தினார்களா தெரியவில்லை. தன்னுடைய அறைக்குள் போய்த் திரும்பி வந்தார்.

“வெங்கிடி. நீ போய்ச் சொல்லு. நீ சொன்னா கேட்கும். நாளைக்கு நீ எச்.ஆர்.”

நான் கீழே இறங்கினேன். படியில் இறங்குகிறபோது, பொய் சொல்வானேன், அந்த நாற்காலி ஒருமுறை என் கண்முன் சுற்றியது. கடைசிப் படியில் செருப்பைக் கழற்றினேன். பாண்டிச்செல்வியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு பிடி சுக்கை அள்ளிப் பொறுக்க ஆரம்பித்தேன்.

“அண்ணே, நல்லத எடுத்துக் கழிவுல போடுறீங்க.”

“பட்டையிலயும் அதத்தாம்மா செஞ்சேன்.”

“அந்தக் கம்ப எடுத்துப் புரட்டு தம்பி, அது போதும்” என்றாள் அங்கம்மாள். “மோசமாப் புரட்டினாலும் சுக்கு காயும்.”

மாடியிலிருந்து என் பெயர் இரண்டு முறை கேட்டது. மூன்றாவது முறை கேட்கவில்லை.

மதியம் மணி அடித்ததும் ஷபானா வழக்கம்போல் ஓடினாள். திரும்பி வரும்போது அவளோடு காற்றும் வந்தது. துறைமுகத்துக்கு மேல் வானம் அடுப்புக்கரி நிறமாக இருந்தது. இது துலாவர்ஷக் காலம், ஐப்பசி மழை. காலையில் வெயில் காயும், மதியத்துக்கு மேல் கொட்டும். இதை யாரும் மறந்திருக்கவில்லை. ஆனால் நினைக்காமல் இருந்தோம்.

முதல் இடி விழுந்தபோது எல்லோரும் எழுந்துவிட்டார்கள். வாரி உள்ளே கொண்டுபோனால் முற்றம் காலி, லாரி நுழைந்துவிடும். வாராமல் விட்டால் அத்தனையும் நாசம், பொறுக்குகிற பெண்கள் சரக்கை வேண்டுமென்றே கெடுத்தார்கள் என்று அன்றைக்கே வழக்கு.

“வாரிரலாமா அக்கா?” பாண்டிச்செல்வி ஒரு சாக்கைக் கையில் எடுத்துவிட்டாள்.

 அங்கம்மாளின் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. கையிலிருந்த சுக்கை இறுக்கிப் பிடித்தபடி வானத்தைப் பார்த்து நின்றாள். எனக்கு ஒரு யோசனையும் வரவில்லை. ஆறு வசதிகளைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னால் ஒருவேளை செய்திருப்பேன்.

இசக்கிதுரைதான் லாரியின் மேல் ஏறினான். மெஷினை மூடிக் கட்டக் கொண்டுவந்திருந்த தார்ப்பாய் அங்கே மடித்துக் கிடந்தது. உருவிக் கீழே தள்ளினான். “பிடிங்கடா!” ஓட்டுநர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு தானும் ஒரு நுனியைப் பிடித்தான். ஒன்று போதாது. ஷபானா தெருவில் ஓடி அடுத்த மிளகுக் குடோனின் கதவைத் தட்டினாள். என்ன சொன்னாளோ, அங்கிருந்து பெண்கள் இரண்டு தார்ப்பாய்களைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்தார்கள். எதிர்க்கடைக்காரர் தன் வாசலில் நிழலுக்குக் கட்டியிருந்த நீல பிளாஸ்டிக் தாளை அறுத்துக்கொடுத்தார். விளிம்புகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டோம். கல் வைக்க நேரமில்லை, மனிதர்களே கல்லானார்கள். ஆளுக்கு ஓர் ஓரத்தை மிதித்து, கையால் இழுத்துப் பிடித்து நின்றோம். மழை இறங்கியது.

மேற்கு மூலையில் ஆள் இல்லை. காற்று அங்கே புகுந்து தார்ப்பாயைத் தூக்கப் பார்த்தது. அப்போது மாடிப்படியில் தடதடவென்று சத்தம். பிஜு சார் இறங்கி ஓடிவந்து அந்த மூலையில் விழுந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவருடைய சுக்கு அல்லவா!

“சார், அந்த மூலைய மட்டும் விட்டுராதீங்க!” அங்கம்மாள் மழைக்கு மேல் கத்தினாள்.

“விடில்லா!” என்று அவரும் கத்தினார்.

அப்படியே நின்றோம், தலையிலிருந்து தண்ணீர் வழிய, முதலாளியும் பெண்களும் மூட்டைக்காரர்களும் லாரி ஓட்டுநரும் நானும். யாராவது அப்போது படம் எடுத்திருந்தால் நல்ல நிறுவனம் என்று பரிசு கொடுத்திருப்பார்கள்.

மழை விட்டதும் தார்ப்பாயைத் தூக்கினோம். ஓரங்களில் கொஞ்சம் நனைந்திருந்தது. நடுவில் தப்பித்திருந்தது. பிஜு சார் ஒரு துண்டை எடுத்து வளைத்துப் பார்த்தார். அது ஒடியவில்லை.

“நாளைக்கும் காயப்போடுமா?” அவர் குரலில் கோபத்தைவிடச் சலிப்புதான் அதிகம்.

“ஈரம் போகணும்லா சார்” என்றாள் அங்கம்மாள்.

அவர் ஈரச் சட்டையோடு படியேறினார். பாதியில் நின்று, “எத்ர நாளு?” என்றார். அங்கம்மாள் கம்பை எடுத்து நனைந்த ஓரத்தைப் புரட்டத் தொடங்கினாள். லாரி அன்று வெறுமையாகத் திரும்பியது. நாளை வரும். கிரேனோடு வரலாம், போலீசோடு வரலாம். மனு எந்த மேசையில் கிடக்கிறதோ தெரியாது. என் வேலை இருக்கிறதா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மிளகுக் குடோன் பெண்கள் தங்கள் தார்ப்பாய்களை உதறி மடித்தார்கள். போகிறபோது அவர்களில் ஒருத்தி, காளியம்மை என்று பெயர், அங்கம்மாளின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“எக்கா, எங்களுக்கும் போன வாரம் ஒரு பேப்பர் குடுத்து நம்பர் போடச் சொன்னாங்க.”

“போட்டீங்களா?”

“போட்டுட்டோமே.” அவள் மடித்த தார்ப்பாயை அங்கம்மாளின் கையிலேயே திணித்தாள். “இது இங்கயே கெடக்கட்டும். நாளைக்கு விடியுமுன்ன நாங்க இருவது பேரும் வாரோம். எங்க மொளகும் கொஞ்சம் ஈரமாத்தான் இருக்கு.”